அரக்குப் பூச்சு

பாண்டவரை எரிக்க எழுந்த அரக்கு மாளிகையின் கதையைச் சிறுவயதிற் கேட்டபோது, அரக்கு என்பது தீமைக்கென்றே பிறந்த பொருள் என எண்ணியிருந்தேன். அதே அரக்கை ஸ்பிரிட்டிற் கரைத்து, பஞ்சுப் பொதியில் நனைத்து, மேசைக்கும் அலுமாரிக்கும் ஒளியூட்டியே என் தந்தையார் என்னை வளர்த்தார் என்பது பின்னரே எனக்கு உறைத்தது. மாத்தளையில் மரவேலை செய்து வாழ்ந்தவரின் மகன் பேராதனைக் கலைப்பீடத்து மாணவனாகி, விடுதி அறையில் ஒரு பேஸ் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு, அதற்கு எந்தப் பூச்சுப் பூசுவதெனத் தடுமாறிய கதையே இக்கட்டுரை.

கிற்றார் செய்யும் எண்ணம் என் அறைத்தோழனுடையது. கடையிலே கேட்ட விலை எங்கள் இருவருக்கும் எட்டாதது. காந்தச்சுருள்களுக்கும் தந்திகளுக்கும் அவன் பணம் தந்தான்; மரத்துக்கு நான் பொறுப்பேற்றேன். விடுமுறையில், தந்தையாரின் பட்டறையில் ஒதுங்கிக் கிடந்த வைரம் பாய்ந்த பலாப் பலகை உடலாயிற்று. ஒரு மஹோகனித் துண்டு கழுத்தாயிற்று. சென்ற ஆண்டு வாதம் கண்டது முதல் தந்தையாரின் வலக்கை உளியைப் பிடிப்பதில்லை. அவர் நாற்காலியிலிருந்து சொல்லச் சொல்ல நான் அறுத்தேன், இழைத்தேன். 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பேஸ் கிற்றாரின் 34 அங்குலத் தந்தி நீளமே இன்றும் பெருவழக்கு. நாமும் அதனையே கொண்டோம். நான்கு தந்திகளும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ விசையுடன் கழுத்தை இழுக்கும் என்று நான் விளக்கியபோது, "அப்ப, நார் நேரா ஓடுற துண்டாப் பார், தம்பி" என்று மட்டும் அவர் சொன்னார். என் பாடநூல் அறிவனைத்தும் அவருக்கு ஒரு வாக்கியத்துள் அடங்கியிருந்தது.

விடுதிக்குத் திரும்பியதும் பிணக்கு மூண்டது. "மச்சான், கறுப்பு அடிப்போம். கார்ப் பெயின்ற் ஸ்பிரே பண்ணினா ஒரு நாளில முடிஞ்சிடும்" என்றான் தோழன். அவன் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. மின்கிற்றாரிலே தந்தியின் அசைவைக் காந்தச்சுருளே மின்னாக்குகிறது. திண்மையான உடலின் மேற்பூச்சால் ஒலி மாறுவது மிகச் சொற்பம். வயலினுக்குப் பெயர்பெற்ற ஸ்ராடிவாரியின் வார்னிஷிலேகூட மந்திரம் எதுவும் இருக்கவில்லை. பாரிஸ் நகர அருங்காட்சியகத்திலுள்ள அவருடைய கருவிகளை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த முடிவு, அக்காலத்தவர் பொதுவாகக் கையாண்ட எண்ணெயும் ஊசியிலை மரப் பிசினுமே அதிற் காணப்பட்டன என்கிறது. ஆகவே பூச்சைத் தெரிவு செய்வது செவிக்காக அன்று. கண்ணுக்காகவும், கைக்காகவும், வரப்போகும் ஆண்டுகளுக்காகவும் எனலாம்.

பலாவை நான் கறுப்பால் மூட மறுத்தமைக்குக் காரணம் உண்டு. புதிதாக இழைத்த பலா மஞ்சள் நிறமானது. பிக்குமாரின் சீவரத்துக்குச் சாயம் தந்தது அம்மரத்தின் வைரமே. வெளிச்சம் படப்பட அம்மஞ்சள் ஆண்டுதோறும் முதிர்ந்து, செம்பழுப்பாகும். கறுப்பின் கீழ் அம்மாற்றத்தை யார் காண்பார்? இவ்வாறு தோழனிடம் வாதிட்டேன். ஆயின் உண்மைக் காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. தந்தையாரிடம் நான் கற்காமல் விட்ட தொழில் அவர் கையுடனேயே போய்விடும் என்ற அச்சமே அது.

அவ்வச்சம் அவசரத்தையும் கூட்டியது. அவரை வியப்பிலாழ்த்த எண்ணி, ஹந்தானையில் மழை இறங்கிய ஒரு மாலையில், அறைக்குள்ளேயே அரக்குப் பூச்சைத் தொடங்கினேன். மறுநாட் காலையில் உடலெங்கும் பால் சிந்தியது போல் வெண்படலம் படர்ந்திருந்தது. ஸ்பிரிட் விரைந்து ஆவியாகும்போது பரப்புக் குளிர்கின்றது. ஈரக்காற்றின் நீர் அங்கே படிந்து பூச்சினுள் சிக்குகின்றது. காரணத்தை அறிந்துகொண்டதனாற் கறை நீங்கவில்லை. "நான் சொன்னேனே" என்று தோழன் சொல்லாதிருந்தது அவன் பெருந்தன்மை.

கிற்றாரைத் துணியிற் சுற்றிக்கொண்டு மாத்தளைக்குப் புறப்பட்டேன். வழியில் ஒரு சபலம்: படலத்தின் மேல் வண்ண அரக்குக் கோடுகள் இழைத்து மறைத்துவிடலாமே! மாத்தளைப் பக்கத்து ஹபுவிடக் கிராமத்தின் அரக்கு வேலையை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விரித்துரைத்துள்ளார். அங்கு சென்று, முதியவர் ஒருவர் கரித்தணலில் அரக்கை இளக்கி, நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தாற் கிள்ளி ஒரு கைத்தடியில் ஒட்டுவதைக் கண்டேன். சாதிலிங்கச் சிவப்பும் அரிதார மஞ்சளும் மரபிலே அதற்கு நிறம் தந்தவை. என் அகன்ற பலகையைத் தடவிப் பார்த்த அவர், இவ்வேலை உருண்ட பொருளுக்கே இசையும் எனச் சிரித்தார். எனது அரைகுறைச் சிங்களத்தில் நன்றி கூறி விடைபெற்றேன். தணல் பட்டதும் இறுகிய அரக்கு மீண்டும் இளகியதே, அந்தக் காட்சி மட்டும் என்னுடன் வந்தது.

தந்தையார் ஏசவில்லை. இடக்கை விரலாற் படலத்தைத் தொட்டு, "மழைக்க பூசினியா?" என்றார். வெயில் ஏறும் வரை காத்திருக்கச் செய்தார். பின்னர், பொதியிற் சிறிதளவு ஸ்பிரிட் மட்டும் தொட்டு, நிறுத்தாமல் வழுக்கிச் செல்லுமாறு பணித்தார். நிறுத்திய இடத்திற் பொதி ஒட்டிக்கொண்டது. இரு தடவை பிழைத்தேன். மூன்றாம் தடவை வெண்மை கரைந்து, உள்ளிருந்த மஞ்சள் எழுந்தது. காய்ந்த அரக்கை ஸ்பிரிட் மறுபடியும் கரைக்கும். புதிய பூச்சு பழையதனோடு ஒன்றாகும். கார்ப் பெயின்றுக்கும் பொலியூரித்தேனுக்கும் இக்குணம் இல்லை. அவை இறுகியபின் பிழையைச் சுரண்டியே எடுத்தல் வேண்டும். அரக்கு வியர்வைக்கும் வெப்பத்துக்கும் எளிதில் நலிவது. எனினும் திருத்த இடம் தருவது. நான் அதைத் தெரிவு செய்தது இதற்காகவே.

கழுத்துக்கு மட்டும் வேறு வழி. இடக்கை ஓயாது மேலும் கீழும் ஓடும் அவ்விடத்தில் மினுக்கிய பூச்சு வியர்வையில் ஒட்டும். ஆகவே காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தேய்த்து, மிஞ்சியதைத் துடைத்து, நாட்கணக்கில் உலரவிட்டு, நுண்ணிய அரத்தாளால் மீண்டும் உரசினோம். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடத் தந்தையார் விடவில்லை. உலரும்போது தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது அது. வெளிக் கொடியில் விரித்துப் போட்டபின்பே உணவுண்ண அழைத்தார்.

விடுதி இரவு விருந்தில் அக்கிற்றார் ஒலித்தது. கறுப்பு வேண்டுமென்ற தோழனே அதை வாசித்தான். பிறர் தொட்டுப் பார்க்கையில் "பலா, மச்சான்" என்று பெருமையோடு சொல்லவும் கேட்டேன். அவனுடைய இடுப்புப்பட்டிக் கொளுக்கி பின்புறத்தில் நீண்டதொரு கீறலை இட்டுவிட்டது. அடுத்த விடுமுறையில் அதை மாத்தளைக்குக் கொண்டுசெல்வேன். தந்தையார் நாற்காலியில் இருப்பார். இம்முறை அவர் சொல்வதற்கு முன்னரே, மழை இல்லாத காலையாகப் பார்த்துப் பொதியைக் கையில் எடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.