முப்பத்தோராம் நிமிஷத்துச் சங்கதி

ஐப்பசி 8, ஞாயிறு

பதினெட்டு வருஷங்களாகக் கூடத்தில், பூஜை அலமாரிக்கு அண்டையிலுள்ள மேஜையின்மீது, யாருக்கும் எவ்வித உபத்திரவமும் இன்றிப் பாடிக்கொண்டிருந்த சி.டி. பிளேயர், இன்று காலை காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத் தகட்டைத் தன் தட்டில் வாங்கிக்கொண்டு உள்ளே இழுத்துப்போய், எதையோ ஞாபகப்படுத்திக்கொள்ள முயலும் கிழவரைப்போல் மூன்று முறை மெல்ல முனகிவிட்டு, தகடே இல்லையென்று முகப்பில் எழுதிக் காட்டிற்று. வயிறார உண்டு இலையை மடித்த விருந்தாளி, பந்தியில் உட்காரவே இல்லையென்று சாதித்ததுபோல் இருந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் இல்லை.

தகடு கடையில் வாங்கியதன்று. ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்த அந்த நாதஸ்வரத்தைச் சினிமாவில் கேட்டு மகிழ்ந்தவர்கள் பலர். ஆனால் 1964இல் அவர் மறைவதற்கு முன் ஊர்க் கல்யாணங்களில் நேரிலேயே கேட்டவள் என்ற கர்வம் என் அக்காளுக்கு உண்டு. அவளுக்காக, பழைய ஒலிநாடா ஒன்றிலிருந்து மருமகன் வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்து கொடுத்த தகடு அது. ஆகையால் குற்றம் மருமகனுடையது என்று தீர்ப்பெழுத எனக்கு அரை நிமிஷங்கூட ஆகவில்லை. தீர்ப்புக்கு ஆதாரமாகக் கடையில் வாங்கிய வயலின் தகடு ஒன்றைப் போட்டேன். 62 நிமிஷமும் ஒரு தடங்கலின்றிப் பாடி முடித்தது. வழக்கு தீர்ந்ததென்று மழையைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தேன்.

ஐப்பசி 9, திங்கள்

தீர்ப்பு ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. இன்று வயலின் தகட்டையும் யந்திரம் இரண்டு முறை நிராகரித்து, மூன்றாம் முறையே ஏற்றுக்கொண்டது. மருமகனுக்குத் தொலைபேசியில் சொன்ன வார்த்தைகளைத் திரும்பப் பெறும் வழி ஏதும் இல்லை.

தகட்டின் அடியிலிருந்து ஒரு சிறு லேசர் கிரணம் மேல்நோக்கிச் சென்று, அதற்குள் இருக்கும் கண்ணாடி போன்ற உலோகப் பூச்சில் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் ஒளியின் ஏற்றத் தாழ்வே இசையாகிறது. கடைத் தகட்டின் அலுமினியப் பூச்சு, விழுந்த ஒளியில் நூற்றுக்கு எழுபது பங்குக்குக் குறையாமல் திருப்பித் தந்துவிடும். வீட்டில் பதிந்த தகட்டிலோ ஒளி ஒரு சாயப் படலத்தையும் ஊடுருவிச் சென்று மீள வேண்டியிருப்பதால், திரும்புவது அவ்வளவு தாராளமாக இராது. கண் மங்கத் தொடங்கிய மனிதர் அச்சுப் புஸ்தகத்தைத் தட்டுத் தடுமாறி வாசித்துவிடுவார். பென்சிலில் எழுதிய கடிதத்தை மட்டும் வெறுங்காகிதம் என்று திருப்பிக் கொடுப்பார். நோய் கடிதத்தில் இல்லை, கண்ணில் இருக்கிறது என்பது நேற்றே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பழுதுபார்ப்பவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். யந்திரத்தின் வயதைக் கேட்டாரேயன்றி அதன் உபாதையைக் கேட்கவில்லை. “லென்ஸ் போயிருக்கும் சார். ஸ்பேர் கிடைக்காது, புதுசு வாங்கிடுங்க” என்றார். லென்ஸ் என்பது அவர்கள் பரிபாஷையில் வெறும் கண்ணாடியன்று. லேசரும், அதை உணரும் பகுதியும், கண்ணாடியை மேலும் கீழும் அசைக்கும் கம்பிச்சுருளும் சேர்ந்த முழு உறுப்புக்கும் அதுவே பெயர். நான் விடாமல் கெஞ்சியதன் பேரில், “உள்ளே சின்னதா ஒரு பிரீசெட் இருக்கும் சார், அதைக் கொஞ்சம் ஏத்தி விட்டா ரெண்டு மாசம் ஓடும்” என்று ரகசியம்போல் சொன்னார். லேசருக்குப் போகும் மின்சாரத்தை மிகைப்படுத்தும் திருகு அது. இளைத்த குதிரையைச் சவுக்கால் அடித்து இரண்டு மைல் ஓட்டும் அந்த வைத்தியத்தில் எனக்குச் சம்மதமில்லை.

இத்தனை நாளாக ஓர் எச்சரிக்கையும் கொடாமல் திடீரென்று எப்படி விழுந்தது என்ற கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. தாத்தாவின் கிராமபோன் இப்படிச் செய்ததில்லை. ஊசி தேய்ந்தால் கரகரக்கும், தட்டு கீறினால் துடிக்கும், சாவி தளர்ந்தால் பாகவதர் படிப்படியாகச் சுருதி இறங்கிப் பெருமூச்சு விடுவார், எல்லாம் பிரத்தியட்சம். இந்த யந்திரமோ தன் குறையைத் தானே மறைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் உடையது. 1960இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரண்டு கணித நிபுணர்கள் வகுத்த ஒரு முறையை, 1982இல் சந்தைக்கு வந்த இந்தத் தகடுகளில் அமைத்திருக்கிறார்கள். அதன்படி ஒவ்வொரு துண்டு இசையும் சிதறலாக, கூடுதல் கணக்கெண்களோடு எழுதப்படுவதால், பாதையில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்கு எழுத்தே அழிந்துபோனாலும், மிச்சத்தை வைத்துக் கணக்கிட்டு, விட்டுப்போனதை அப்படியே மீட்டுவிடுகிறது. ஆகவே கண் மாசடைந்துகொண்டே வந்த வருஷங்கள் முழுவதும், கேட்ட எங்கள் காதில் ஒரு மாசும் படவில்லை. மீட்கும் சக்தியின் எல்லை தாண்டிய அன்று, தகடே இல்லையென்று கைவிரித்துவிட்டது. வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் கடனை உருட்டிப் புரட்டிச் சமாளித்து, ஒரு நாள் காலையில் கடைக்கதவைத் திறக்காமலே போய்விடும் வியாபாரிகளை நான் அறிவேன்.

ஐப்பசி 11, புதன்

மின்சாரச் செருகியைப் பிடுங்கி அரைமணி நேரம் சும்மா வைத்திருந்து, மேல்மூடியின் திருகாணிகளைக் கழற்றி அக்காளின் சந்தனக் கிண்ணத்தில் சேகரித்தேன்.

உள்ளே முதலில் கண்ணில் பட்டது தூசியன்று, ஒரு பிரசவ அறை. பின்பக்கக் காற்றுத் துவாரங்களின் வழியே புகுந்த ஏதோ ஒரு பல்லி, மின்மாற்றியின் கதகதப்பை நாடி ஒரு மூலையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துச் சென்றிருந்தது. சுண்ணாம்பு வெள்ளையாய், காகிதம்போல் மெல்லிய இரண்டு ஓடுகள் உடைந்து கிடந்தன. மழிக்குமுன் முகத்துக்குச் சோப்புப் பூசும் பழைய தூரிகையால், தூசியையும் ஓட்டையும் ஒருமிக்கப் பெருக்கித் தள்ளினேன்.

லென்ஸ் ஒரு பெரிய மிளகைக் காட்டிலும் சற்றே அகலம். நீல மினுக்கு இருக்க வேண்டிய அதன் முகத்தில் தேன் நிறத்தில் ஒரு படலம். தூசியாயின் சாம்பல் நிறமாக இருக்கும், இது புகை. வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடும் வீட்டில், பூஜை அலமாரிக்கு அண்டையில் வைத்த பொருள் வேறு எப்படி இருக்கும்? சமையலறையிலிருந்து வரும் தாளிப்பின் ஆவியும் தன் பங்கைச் செய்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் என்னும் சாராயத்தில் பஞ்சுக்குச்சியை நனைத்து, உதறி, ஈரம் மட்டும் மிஞ்சியிருக்கையில், நடுவிலிருந்து வட்டமாக, கைக்குழந்தையின் கண்ணைத் துடைக்கும் அளவுக்கு மேல் பாரம் கொடாமல் துடைத்தேன். மயிரிழை போன்ற கம்பிகளில் தொங்கும் கண்ணாடி ஆனதால், அழுத்தினால் அத்தோடு சரி. முதல் குச்சி தேநீரில் முக்கியதுபோல் வந்தது. மூன்றாவது குச்சி வெள்ளையாக வந்தது.

பிறகு, 230 வோல்ட்டு பாயும் பின்மூலைக்குக் கையைக் கொண்டுபோகக் கூடாதென்று எனக்கு நானே இரைந்து சொல்லிக்கொண்டு, மூடி இல்லாமலே செருகியை மாட்டி, கூடத்து விளக்கை அணைத்து, ஒரு முழத்துக்கு அப்பால் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். தகடு இல்லாத தட்டு உள்ளே சென்றதும் லென்ஸ் எழும்பிற்று, தாழ்ந்தது, மீண்டும் எழும்பிற்று. ஞாயிற்றுக்கிழமை கேட்ட முனகல் இதுதான். அதன் நடுவில் குங்குமப் பொட்டுக்கும் மங்கலான ஒரு சிவப்புப் புள்ளி. அந்த ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர். மனிதக் கண்ணுக்கு ஏறக்குறையப் புலப்படாதது. மங்கலாகத் தெரிகிறதே என்று குனிந்து நேரே பார்ப்பவன், தெரியாத பெரும்பகுதியைத் தன் விழித்திரையில் வாங்கிக்கொள்வான் என்பதை நினைத்தே தள்ளி நின்றேன்.

காருகுறிச்சியின் தகட்டை இட்டேன். லென்ஸ் ஒரே முறை எழும்பித் தகட்டைக் கண்டுகொண்டது, தகடு சுழன்றது, முகப்பில் பாட்டுக்களின் எண்ணிக்கை வந்தது. அக்காளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நான் அடுத்த அறையில் வெற்றிக் களிப்போடு சாய்ந்துகொண்டேன்.

கல்யாணியில் ஒரு கீர்த்தனை. அநுபல்லவியில் ஒரு சங்கதியை வாசித்தார், மறுபடி வாசித்தார், மறுபடியும் வாசித்தார். எட்டாவது முறை வாசித்தபோது நான் எழுந்து ஓடினேன். அக்காள் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, “ஏலே, என்னமா வாசிக்காவ பாரு! அந்த எடத்தையே சுத்திச் சுத்தி, விட மனசே இல்லாம!” என்றாள். முகப்பில் 31ஆம் நிமிஷம்.

ஐப்பசி 12, வியாழன்

மேலும் இரண்டு தகடுகளைச் சோதித்தேன். வயலின் 33ஆம் நிமிஷத்தில் நின்று சுற்றியது, மற்றொன்று 30இல். தகட்டில் கீறல் இருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வோரிடத்தில் நிற்கும். மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதால் தடை யந்திரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய என்பதுதான் முதலில் குழப்பிற்று. பாதையானது நொடிக்கு 1.2 மீட்டரிலிருந்து 1.4 மீட்டர் வரை எந்த வேகத்தில் ஓடினாலும் தகட்டு விதிக்கு உட்பட்டதே. வேகம் தகட்டுக்குத் தகடு மாறினால், அதே இடம் ஒன்றில் 30ஆம் நிமிஷமாகவும் மற்றொன்றில் 33ஆகவும் வரும் என்று தெரிந்தபின் குழப்பம் நீங்கிற்று.

கிராமபோன் தட்டு வெளியோரத்திலிருந்து உள்ளே வரும். இதுவோ உள்ளிருந்து வெளியே போவது. மையத்திலிருந்து 25 மில்லிமீட்டரில் இசை தொடங்குகிறது; சுற்றுக்குச் சுற்று இடைவெளி 1.6 மைக்ரான். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? காலண்டரின் பின்புறத்தில் கணக்குப் போட்டதில், 31ஆம் நிமிஷத்தில் லென்ஸ் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும் என்று வந்தது. மூடியைத் திறந்து, லென்ஸைச் சுமந்து செல்லும் சிறு வண்டியின் எஃகுத் தண்டவாளத்தருகே ஸ்கேலை வைத்து, 18இல் பேனாவால் ஒரு புள்ளி இட்டு, பல்சக்கரத்தை விரல் நுனியால் மெல்லத் திருப்பினேன். புள்ளிக்கு ஒரு பல் முன்னதாகவே விரலுக்குக் கனத்தது.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வண்டியின் பற்சட்டத்தில், பழுப்பேறி மெழுகாய் இறுகிப்போன பழைய கிரீஸில், எள்ளில் பாதியளவு ஒரு வெள்ளைச் சில்லு குத்திட்டு நின்றது. பல்லி முட்டை ஓடு.

ஞாயிற்றுக்கிழமை இதே வண்டி 62 நிமிஷமும் ஓடியதற்கு நானே சாட்சி. ஆகவே அன்று இல்லாத ஓடு புதன்கிழமை வந்தது. புதன்கிழமை உள்ளே கை வைத்தவன் ஒருவனே. சோப்புத் தூரிகையும் அவனுடையதே. ஊசி முனையால் சில்லை நெம்பி எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், மருமகன் வந்தால் காட்டுவதற்கு.

சங்கதி திரும்பத் திரும்ப வந்ததன் காரணமும் அந்தக் கனத்த பல்லில்தான் இருக்கிறது. வண்டி நின்றுவிட்ட பின்னும் லென்ஸ் தன் கம்பிகளில் தொங்கியபடி சிறிது தூரம் சாய்ந்து சாய்ந்து பாதையைத் தொடரும். கழுத்து எட்டுமட்டும் எட்டி, அதற்குமேல் இயலாதபோது பழைய இடத்துக்குச் சரிந்து விழும். விழுந்த இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கும். கயிற்றில் கட்டிய கன்று வைக்கோற்போருக்கு எட்டுவதைப்போல.

ஐப்பசி 14, சனி

மழை சற்று விட்டதும் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போய், பிளாஸ்டிக்கை அரிக்காத சிலிக்கான் கிரீஸ் ஒரு சிறு டப்பாவும், தட்டை இழுக்கும் ரப்பர் பெல்ட் ஒன்றும் வாங்கி வந்தேன். பழைய பெல்ட் தளர்ந்து, தட்டைச் சில சமயம் பாதியில் விட்டுவிடுவது கொஞ்ச நாளாகவே உண்டு. அதை வெந்நீரில் ஐந்து நிமிஷம் போட்டால் சுருங்கிக் கொஞ்ச காலம் உழைக்கும் என்று நேற்று டபராவில் போட்டு அடுப்பில் வைத்தது ஒரு தனிக் கதை. அக்காள் அதன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுவதற்கில்லை. நூலால் சுற்றளவு எடுத்துப் போனபடியால் புதுப் பெல்ட் சரியாகப் பொருந்திற்று. பழைய கிரீஸை முற்றிலும் வழித்துத் துடைத்து, புதியதைப் பற்களில் குன்றிமணியில் கால்வாசிகூட இராத அளவு தடவினேன். கடைக்காரப் பையன், “நிறைய வெச்சா நல்லதுன்னு நெனச்சு அப்பிடாதீங்க சார், லென்ஸ்ல தெறிக்கும்” என்று சொல்லி அனுப்பியிருந்தான். திங்கட்கிழமைத் தொலைபேசி வைத்தியரைவிட அவனுக்குத் தொழிலில் சிரத்தை அதிகம்.

ஐப்பசி 15, ஞாயிறு

மூடியைப் பூட்டுமுன் ஒரு தகட்டை முழுவதும் ஓடவிட்டு, மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் நிமிஷத்துக்கு 500 சுற்று வீதம் சுழலும் தகடு, லென்ஸ் ஓரத்தை நெருங்க நெருங்க வேகம் தணிந்து 200 அளவுக்கு வந்துவிடுகிறது. பதினெட்டு வருஷமாக இது என் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது. இன்றுதான் கண்ணால் கண்டேன்.

மூடியைப் பூட்டி, மேஜையைப் பூஜை அலமாரிக்கு எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன். சாம்பிராணியை நகர்த்துவது என் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று.

மாலையில் காருகுறிச்சி. கல்யாணி வந்தது. முப்பது கடந்து, முப்பத்தொன்று கடந்து, அநுபல்லவி சங்கதி சங்கதியாக வளர்ந்து சரணத்துக்குள் இறங்கிற்று. நான் நாற்காலியின் கையை விட்டேன்.

அக்காள் கண்ணைத் திறந்து, “என்ன தம்பி, அன்னைக்கு எத்தனை தரம் வாசிச்சாவ! இன்னைக்கு ஒரே தரத்துல விட்டுட்டாவளே?” என்றாள்.

புதிய சுவரில், யந்திரத்துக்கு ஒரு சாண் மேலே, வயிறு பருத்த பல்லி ஒன்று அசையாமல் இருக்கிறது. பழைய கொசுவலையில் ஒரு துண்டு வெட்டி வைத்தாயிற்று. துவாரங்களின் மேல் ஒட்டுவதற்குப் பசைதான் இன்னும் வாங்கவில்லை.