பாஸ் அவுட், பாஸ் அவே

தரம் 9 பிள்ளைகளுக்கு "என் குடும்பம்" என்று ஆங்கிலத்தில் பத்து வசனம் எழுதக் கொடுத்திருந்தேன். வகுப்பிலேயே கொப்பி திருத்திக்கொண்டு போகும்போது ஒரு மாணவியின் வசனத்தில் நின்றுவிட்டேன்: "மை ஃபாதர் பாஸ்ட் அவுட் இன் 2019."

பகிடியாகத்தான் கேட்டேன். "வாப்பா எந்தக் கெம்பஸ்ல பாஸ் அவுட் ஆனவர் மகள்?"

வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் மேசையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "வாப்பா மௌத்தாகிட்டார் சேர்."

அதற்குப் பிறகு அன்று எனக்குப் பாடம் ஓடவில்லை.

அவள் எழுத நினைத்தது "பாஸ்ட் அவே". மரணத்தை மரியாதையாகச் சொல்லும் சொல் அது. நாம் "செத்துட்டார்" என்று சொல்லாமல் "மௌத்தாகிட்டார்", "காலமாகிட்டார்" என்று சொல்வதைப் போல.

"பாஸ் அவுட்" வேறு. "கலாசாலையில பாஸ் அவுட் ஆனவர்" என்று படிப்பு முடித்தவரைச் சொல்வது நம் நாட்டிலும் இந்தியாவிலும் உள்ள வழக்கம். நானும் என்னைப் பற்றி அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் ஒரு வெள்ளைக்காரர் இதைக் கேட்டால் முதலில் "மயங்கி விழுந்தார்" என்றுதான் விளங்கிக்கொள்வார். இராணுவம், பொலிஸ் பயிற்சி முடிப்பதற்கு மட்டும் அவர்களும் இச்சொல்லைப் பாவிப்பார்கள். ஆகவே வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் எழுதும் தம்பி, தங்கைமார் "கிராஜுவேட்டட்" அல்லது "கம்ப்ளீட்டட்" என்று எழுதுவதே பாதுகாப்பு.

ஆங்கிலத்தில் இவற்றை ஃப்ரேசல் வேர்ப் என்பார்கள். வினைச்சொல் ஒன்றுதான். பின்னால் வரும் சின்னச் சொல் கருத்தையே மாற்றிவிடும். நம்மிடமும் இதைப் போல ஒன்று உண்டு. "கை கொடுத்தான்" என்றால் உதவினான். "கைவிட்டான்" என்றால்? கை அதே கைதான்.

அந்தப் பிள்ளை பிழைவிட்டது ஒரு சின்னச் சொல்லில். ஆனால் அவள் சொல்ல வந்தது என்ன என்று கேட்காமல் நாற்பது பேருக்கு முன்னால் பகிடி விட்டேனே, அது அதைவிடப் பெரிய பிழை.

அடுத்த நாள் அதே வகுப்பின் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சேர்" என்றாள். பிறகு கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். "அவுட்" என்பதை வெட்டிவிட்டு "அவே" என்று எழுதியிருந்தாள். கீழே புதிதாக ஒரு வசனமும் இருந்தது. "வாப்பாதான் எனக்கு சைக்கிள் ஓடப் பழக்கினார்" என்று ஆங்கிலத்தில்.

அதில் ஒரு பிழையும் இல்லை.

ஆசிரியர்களே, பெற்றோரே, பிள்ளையின் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிக்க முதல், அது என்ன சொல்ல வருகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.