கையெழுத்தும் கஞ்சியும்

சினிமா நட்சத்திரங்களைச் சுற்றி வளைத்துக் கையெழுத்து வாங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிரிக்கெட் ஆட்டக்காரர்களை மைதானத்து வாசலில் மடக்கி வாங்குகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். சமையல் புத்தகம் எழுதுகிறவர்களிடம் கையெழுத்து வாங்குவதற்கென்றே வருஷா வருஷம் கிளம்புகிற ஒரு பிறவியும் உலகத்தில் உண்டு. அது நான்தான்.

இதுவரை ஒன்பது புத்தகங்கள் சேர்ந்திருக்கின்றன. "நம்ம வீட்டுச் சாப்பாட்டில் ருசி இருக்கிறதோ இல்லையோ, அலமாரியில் கையெழுத்து இருக்கிறது" என்று வருகிறவர்களிடமெல்லாம் இவர் சொல்வார். சொல்லிவிட்டு இரண்டாந்தடவை குழம்பு கேட்பார். ஆகையால் நான் பதில் சொல்வதில்லை.

ஒன்பதில் எது எந்த வருஷம் வாங்கியது என்று கண்டுபிடிக்க எனக்குத் தேதி பார்க்க வேண்டியதில்லை. கூட்டு வகைகள் புத்தகமா? பெரியவளுக்குச் சின்னம்மை போட்டிருந்த வருஷம். சிறுதானியப் பலகாரமா? சின்னவனுக்குப் பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் உப்பி, சங்கு ஊதுகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஊறுகாய்ப் புத்தகம் வாங்கிய வாரம் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஜுரம். போதாக்குறைக்கு இவருக்கும். இதில் கிரக சஞ்சாரம் ஒன்றும் இல்லை. ஆசிரியர்கள் வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் ஜனவரி மாதப் புத்தகக் கண்காட்சியில். குழந்தைகளுக்கு மூக்கு ஒழுகுவதும் அந்த மார்கழி, தைப் பனியில்தான். இரண்டும் சேர்ந்து வந்தால் நான் என்ன செய்வேன்?

சென்னைப் புத்தகக் கண்காட்சி 1977-ல் மவுண்ட் ரோடு மதரஸா பள்ளியில் சிறிய அளவில் ஆரம்பமானது. பிறகு பல வருஷங்கள் காயிதே மில்லத் கல்லூரி வளாகத்தில் நடந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் முதன்முதலாகப் போனது அங்கேதான். சமீப வருஷங்களில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. எங்கள் மேற்கு மாம்பலத்திலிருந்து ஆட்டோவில் ஒரு எட்டு. சரித்திரப் புத்தகக் கடைகளில் ஆண்கள் நின்றுகொண்டே அரை புத்தகம் படித்துவிடுவார்கள். சமையல் புத்தகக் கடையில் அது நடக்காது. அங்கே பெண்கள் வரிசையில் நின்றுகொண்டு சமையலே செய்துவிடுவோம்!

அந்த வரிசையை நீங்கள் ஒரு நாளாவது பார்க்க வேண்டும். கையெழுத்துக்காக என்று பெயர். உண்மையில் ஒவ்வொருத்தியும் ஒரு வழக்கோடு வந்திருப்பாள். ஒருத்திக்கு அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகிறது. இன்னொருத்திக்குத் தேன்குழல் கல்லாக வருகிறது. கையெழுத்துப் போடுகிற அம்மாளும் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாக விசாரிப்பார். எல்லோரிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என்ன அளவு போட்டே?"

"அளவென்ன மாமி, கைத்திட்டம்தான்!" என்றாள் ஒருநாள் எனக்கு முன்னால் நின்றவள்.

"யார் கை? உன் கையா, என் கையா?" என்றார் அந்த அம்மாள். தம் கையை நீட்டிக் காட்டினார். சிறு குழந்தையின் கை போலச் சின்னக் கை. வரிசையே சிரித்தது.

எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது. கைத்திட்டத்தை நான் குறைவாகச் சொல்லவில்லை. என் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போட்டாலும் ரசம் அப்படியே அமிர்தமாக இருக்கும். ஆனால் அந்தத் திட்டம் அவர் கையோடு இருக்கிறது. பக்கத்திலேயே நின்று பார்த்தால்தான் நமக்கு வரும். பக்கத்தில் நின்று பார்க்க முடியாதவர்களுக்குத்தான் புத்தகம்.

என் பாட்டிக்குக் கல்யாணச் சீரோடு வந்த ஒரு புத்தகம் என்னிடம் இருக்கிறது: எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. குடும்பத்துப் பெரியவரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் சொல்லி, அந்த அம்மாள் எழுதி, 1951-ல் வெளிவந்த புத்தகம். புக்ககம் போன பெண்கள், வடக்கே டில்லி, பம்பாய் என்று உத்தியோகத்துக்குப் போன தம்பதிகள், கடல் கடந்து போனவர்கள் எல்லோருடைய பெட்டியிலும் அது இருந்தது. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-ல்தான் வந்தது. அதற்கு முந்திய புத்தகமாகையால் பாட்டியின் பிரதியில் ஆழாக்குக் கணக்குதான். ஓரத்தில் பாட்டி பென்சிலால் பலத்தைக் கிராமாக மாற்றி எழுதி வைத்திருக்கிறாள். பலம் என்பது மூன்று தோலா, சுமார் 35 கிராம். மீனாட்சி அம்மாள் 1962-ல் காலமாகிவிட்டார். ஆகவே அந்தப் புத்தகத்தில் மட்டும் கையெழுத்து இல்லை. பென்சில் எழுத்து இருக்கிறது, அது போதும்.

அளவு என்றதும் அமெரிக்காவில் இருந்த இன்னோர் அம்மாளின் ஞாபகம் வருகிறது. ஃபேனி ஃபார்மர் என்று பெயர். பதினாறு வயதில் பக்கவாதம் வந்து படுத்தவர். பள்ளிக்கூடப் படிப்பு அத்தோடு நின்றது. முப்பது வயதுக்கு மேல் பாஸ்டன் நகரத்துச் சமையல் பள்ளியில் சேர்ந்து, பிற்பாடு அதற்கே தலைவியானார். 1896-ல் அவர் எழுதிய சமையல் புத்தகத்தில் பிரசுரகர்த்தர்களுக்கு நம்பிக்கை இல்லை. முதல் மூவாயிரம் பிரதிகளுக்கு அவரே செலவை ஏற்க வேண்டியிருந்தது. பிறகு அது லட்சக்கணக்கில் விற்றது வேறு கதை! ஸ்பூனைக் குவித்து அளக்காதே, கத்தியால் வழித்துத் தலை தட்டி அள என்று அமெரிக்க வீடுகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இவர். அரை ஸ்பூன் வேண்டுமென்றால் தலை தட்டிய ஸ்பூனை நீளவாக்கில் கத்தியால் பாதியாக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார். 1904-ல் நோயாளிகளுக்கும் நோயிலிருந்து தேறுகிறவர்களுக்கும் என்ன சமைப்பது என்று ஒரு தனிப் புத்தகமே எழுதினார். ஹார்வர்டு வைத்தியக் கல்லூரியில் இதைப் பற்றிப் பிரசங்கமும் செய்தார். தாம் செய்த வேலையில் இதையே அவர் பெரிதாக மதித்ததாகச் சொல்வார்கள்.

படுத்துக் கிடந்தவருக்குத்தான் படுக்கைச் சாப்பாட்டின் அருமை தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நம் அலமாரியில் இருக்கிற ஒன்பது புத்தகங்களில் ஜுரம் வந்த குழந்தைக்கு எத்தனை பக்கம்? எண்ணிப் பார்த்தேன். நாலரைப் பக்கம். அல்வாவுக்கு மாத்திரம் இருபத்திரண்டு!

இத்தனை பீடிகையும் ஒரு காணும் பொங்கல் நாளைப் பற்றிச் சொல்வதற்காகத்தான்.

முதல் நாள் ராத்திரி சின்னவனுக்கு இரண்டு தடவை வயிற்றோட்டம். காலையில் தேவலை. தயிர் சாதம் சாப்பிட்டான், பம்பரம் விட்டான், அக்காவிடம் உதையும் வாங்கினான். "நான் பார்த்துக்கிறேன், நீ போயிட்டு வாம்மா. வருஷத்தில் ஒரு நாள்" என்று அத்தையே அனுப்பி வைத்தார். புதுப் புத்தகம் விருந்துச் சமையலைப் பற்றியது, நூறு பண்டங்கள். எழுதியவர் நான் முன்பு சொன்ன அதே சின்னக் கைக்கார அம்மாள். எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தபோது செல்போன் மணி அடித்தது. அத்தைதான்.

"மூணு தடவை போயிடுச்சும்மா. தண்ணி கொடுத்தா அப்படியே வாந்தி எடுக்கிறான். துவண்டு கிடக்கிறான்."

வரிசையை விட்டு விலகிக் கிளம்பினேன். புத்தகம் கையிலேயே இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மாளே கூப்பிட்டார். "என்னம்மா, குழந்தைக்கு உடம்பா?" என்றார். சொன்னேன். புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தில் கையெழுத்தைப் போட்டு, அதன் கீழே மூன்று வரி எழுதினார்.

"ஒரு லிட்டர் கொதிக்க வைத்து ஆறின தண்ணீர். சர்க்கரை ஆறு டீஸ்பூன். உப்பு அரை டீஸ்பூன். எல்லாம் தலை தட்டி." தலை தட்டி என்பதன் கீழே இரண்டு கோடு.

"மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைச்சா அதுதான் உத்தமம். கிடைக்கிற வரைக்கும் இது. டம்ளர்லே கொடுக்காதே, ஒரு ஸ்பூன், ஒரு நிமிஷம் பொறுத்து இன்னொரு ஸ்பூன். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஆரம்பி. டாக்டருக்கு உடனே போன் பண்ணிடு. ஓடு!" என்றார். எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் வழி விட்டார்கள்.

காணும் பொங்கலன்று சென்னையில் ஆட்டோ பிடித்திருக்கிறீர்களா? ஊரே கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. நந்தனத்திலிருந்து மாம்பலம் வர முக்கால் மணி நேரம். தெருக்கோடி மருந்துக் கடைக்காரர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டிருந்தார். இவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திறந்திருக்கும் கடையைத் தேடிக் கிளம்பினார்.

அத்தை ஒரு கைப்பிடிச் சர்க்கரையும் நாலு விரல் உப்புமாக எடுத்துவிட்டார். "அத்தை, இதுக்கு மட்டும் அளவு" என்று புத்தகத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு வார்த்தை பேசாமல் கையிலிருந்ததை டப்பாவில் திருப்பிப் போட்டார். உப்பு மிஞ்சினால் குழந்தைக்கு ஆபத்து. சர்க்கரை மிஞ்சினால் வயிற்றோட்டம் இன்னும் கூடும். இரண்டும் சரியாகச் சேர்ந்தால்தான் குடல் உப்பை இழுத்துக்கொள்ளும், உப்பின் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். டாக்டர் பின்னர் விளக்கியது இது.

லிட்டருக்கு எங்கே போவது? டம்ளருக்கு டம்ளர் அளவு வேறு. பெரியவள்தான் தன் பள்ளிக்கூடத் தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்து, அடியில் ஒரு லிட்டர் என்று போட்டிருப்பதைக் காட்டினாள். கத்தியை எடுத்து ஸ்பூனை வழித்தவளும் அவளே. "அம்மா, அரை ஸ்பூன்னா நீளவாக்கில் பாதியா, குறுக்கே பாதியா?" என்றாள்.

டாக்டர் போனில் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னமும் மனப்பாடம். கண் உள்ளே போயிருக்கிறதா? அழுதால் கண்ணீர் வருகிறதா? கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனான்? கண்ணீர் வந்தது. ஒன்றுக்குப் போனது நாலு மணிக்கு. "கொடுப்பதை நிறுத்தாதீர்கள். பத்து மணிக்குள் போகாவிட்டால், இல்லை, அதற்கு முன்னாலேயே மயக்கம் மாதிரி கிடந்தால், நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்" என்றார்.

ஏழிலிருந்து ஸ்பூன் கணக்கு ஆரம்பித்தது. நிமிஷத்துக்கு ஒன்று. ஒரு தடவை எல்லாவற்றையும் கக்கினான். பத்து நிமிஷம் காத்திருந்து மறுபடி. அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதே, பிரசவ வேதனைகூட அவ்வளவு நீளமில்லை. ஒன்பது மணிக்கு இவர் பாக்கெட்டோடு வந்தார். அதையும் முழு லிட்டரில் கரைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கரைத்தால் கணக்குத் தப்பிவிடும். ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரிப் பை தயார். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அத்தை பூஜை அறையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

பத்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது, "அம்மா, ஒன்றுக்கு" என்றது ஒரு ஈனசுரம்.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை ஒலிம்பிக்கில் ஓடியிருந்தால் பதக்கம் நிச்சயம். இவர் செருப்புக் காலோடு கூடவே ஓடி வந்து, அந்தச் சப்தத்தைக் கர்நாடகக் கச்சேரி கேட்கிற மாதிரி நின்று கேட்டார்.

இந்த உப்பு சர்க்கரைத் தண்ணீரை லேசாக நினைத்துவிடக் கூடாது. 1971-ல் வங்க தேசத்து யுத்தத்தின்போது அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தார்கள். போங்காவ் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுகோஸையும் அளந்து தண்ணீரில் கரைக்க வைத்து, கூட இருந்த தாய்மார்களிடமும் உறவுக்காரர்களிடமும் கொடுத்து, குடிக்க வைக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் மாண்டுகொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். அன்று முகாமில் உட்கார்ந்து ஊட்டிய தாய்மார்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மறுநாள் காலையில் வேறொரு சர்ச்சை. "லங்கணம் பரம ஔஷதம், இன்னிக்கு வயித்தைக் காயப் போடணும்" என்றார் அத்தை. பட்டினி போடக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக ஆகாரம் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். துத்தநாக மருந்தும் பதினாலு நாளைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். நான் வாதம் செய்யவில்லை. "அத்தை, நொய்க் கஞ்சி உங்க கையாலே வெச்சாத்தான் அவன் குடிப்பான்" என்றேன். அது உண்மையும்கூட. பச்சரிசி நொய்யும் துளிப் பாசிப்பருப்பும் வறுத்துக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டுக் கரைத்து, மேலே ஒரு கரண்டி மோர். அளவு கேட்காதீர்கள்; அது அத்தையின் கைத்திட்டம்! அரைக் கிண்ணம் குடித்துவிட்டு, "இன்னும்" என்றான்.

அந்த விருந்துப் புத்தகத்தில் நூறு பண்டங்களில் ஒன்றைக்கூட நான் இன்னும் செய்து பார்க்கவில்லை. போன வாரம் மாடி வீட்டுப் பெண் அதை இரவல் கேட்டு வந்தாள். அவள் குழந்தைக்கு வயிறு சரியில்லையாம். புத்தகத்தை எடுத்துப் போகவில்லை. முதல் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு படி ஏறினாள்.

"ஏம்மா, குவிச்சுப் போட்டுடாதே! தலை தட்டி!" என்று சமையலறையிலிருந்து அத்தை கத்தியது மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.