வண்டி வாங்கின கதை

சென்ற வருஷம் வெளியான என் நாவலில் ஒரு பிக்கப் வண்டி வருகிறது. 1951-ஆம் வருஷத்துச் செவர்லே. கதாநாயகனின் தகப்பனார் அதில் தேங்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் பொள்ளாச்சிச் சந்தைக்குப் புறப்படுவார். "சாவியைத் திருகினார், வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது" என்று எழுதியிருந்தேன். எழுதின கையோடு அந்த வாக்கியத்தை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டதும் நினைவிருக்கிறது.

புத்தகம் வந்து ஒரு மாதத்துக்குள் ஒரு தபால் கார்டு வந்தது. லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நடுங்கும் எழுத்தில் எழுதியிருந்தார்: "ஐயா, அந்தக் காலத்துச் செவர்லேயில் சாவியைத் திருகினால் வண்டி உறுமாது. சாவி கரண்டைத் திறந்துவிடும், அவ்வளவே. காலடியில் ஸ்டார்ட்டர் மிதி ஒன்று இருக்கும். அதை மிதித்தால்தான் எஞ்சின் சுற்றும். தங்கள் கதாநாயகனின் தகப்பனார் இன்னும் தோட்டத்து வாசலிலேயே உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்."

விமரிசகர்கள் என்னை எத்தனையோ விதமாக அடித்திருக்கிறார்கள். எதுவும் இந்தக் கார்டைப் போல் தைத்ததில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன்தான். ஆனாலும் உலகம் தெரிந்தவன் என்ற எண்ணத்தில் இருபது வருஷமாகக் கதை எழுதிப் பிழைத்து வருகிறேன். அந்த எண்ணத்தில் ஓட்டை விழுந்துவிட்டது.

அப்படிப்பட்ட வண்டி ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் தேடத் தொடங்கினேன். வாங்கும் உத்தேசமே கிடையாது. (இதை என் மனைவியிடம் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.) ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் பழைய வண்டி வியாபாரி ஒருவர் அதைக் காட்டினார். பளபளக்கும் பச்சை. உருண்டு திரண்ட முகப்பு, அதில் ஐந்து குறுக்குப் பட்டைகள், நடுவில் இரண்டாகப் பிரிந்த முன் கண்ணாடி. அமெரிக்காவில் 1947-ல் வந்த இந்த உருவத்தை அப்போது பம்பாயில், சிவ்ரியில் இருந்த தொழிற்சாலையில் பாகங்களைக் கோத்து நம் ஊர் சாலைக்கு ஏற்றபடி வலப்புறம் ஸ்டியரிங் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வியாபாரி சாவியைத் திருகினார்; பிறகு காலால் மிதித்தார். வண்டி உறுமியது. நான் தோற்றேன்.

விலையைச் சொல்லப்போவதில்லை. நாவலுக்குப் பதிப்பாளர் கொடுத்தது போதாமல், மழைக்கு ஒழுகும் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குத் தளம் போட வைத்திருந்ததும் அதோடு போயிற்று என்று மட்டும் தெரிந்தால் போதும். வண்டியைப் பெரிய லாரி ஒன்றின் மேல் ஏற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினார்கள். என் மனைவி வெளியே வந்து பார்த்தாள். "ஏனுங்க, மழை பேஞ்சா இதுக்குள்ளயா போய்ப் படுத்துக்கறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பத்து வயது மகள் மட்டும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

பொள்ளாச்சி ரோட்டில், குறிச்சிக்கு அப்பால் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் கேட்கச் சொன்னார்கள். எழுபதை நெருங்குகிறவர். மறுநாள் சனிக்கிழமை, அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பெருமையோடு பானெட்டைத் திறக்கப் போனேன். "அது இருக்கட்டுங்க" என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்தார். அதைக் கதவின் அடிப்பாகத்தில் வைத்தார், விழுந்துவிட்டது. கேபினின் பின் மூலையில் வைத்தார், விழுந்துவிட்டது. "இங்கெல்லாம் தகடு இல்லீங்க, பட்டிதான் இருக்குது. மேல பெயிண்ட் நல்லாப் போட்டிருக்காங்க" என்றார். துரு தின்ற ஓட்டையைப் பட்டி வைத்து மெழுகி, அதன் மேல் பச்சை அடித்திருக்கிறார்கள். நான்கூட நாவலில் சில அத்தியாயங்களை அப்படித்தான் ஒப்பேற்றுகிறேன். ஆகவே எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

பிறகு டயர். பூ நன்றாகத்தான் இருந்தது. அவர் குனிந்து பக்கவாட்டில் பொறித்திருந்த நாலு இலக்க எண்ணைக் காட்டினார்: 2306. அதாவது 2006-ஆம் வருஷத்து 23-ஆம் வாரத்தில் செய்த டயர். ஓடாமலே வயதாகி, விளிம்பெல்லாம் வறண்ட வயலாக வெடித்திருந்தது. ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடுகிற பல்லைப் போல ஆடியது. கிங்பின் தேய்ந்திருக்கிறதாம்.

கடைசியாகக் காலடித் தகட்டைக் கழற்றினார். இந்த வண்டியில் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் டிகாக்ஷன் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

"சார், இப்ப வர்ற வண்டியில பிரேக்குக்கு ரெண்டு வழி இருக்குமுங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும். இதுல நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. எங்கியாவது ஒரு இடத்துல எண்ணெய் போச்சுன்னா மொத்தமும் போச்சு. பின் சக்கரத்துல கசிவு இருக்குது. திங்கக்கிழமை நானே வந்து கட்டி இழுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் நகர்த்தவேண்டாமுங்க."

"சரிங்கண்ணா" என்றேன்.

இனி எழுதப்போவதை எழுதலாமா, வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வண்டி வாசலில் நிற்கிறது. நானோ அந்த மிதியை ஒரு தடவைகூட என் காலால் மிதித்ததில்லை. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்புவதில் என்ன வந்துவிடும்? முதல் கியரில், நடக்கிற வேகத்தில்? மகள் கேட்பதற்கு முன்பே ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவளை இறங்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பார்க்க யாராவது இருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்கு இருந்தது.

சாவியைத் திருகினேன். மிதித்தேன். வண்டி எழுந்தது. என் சொந்த வாக்கியத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. சந்தோஷத்தில் இரண்டாம் கியரும் போட்டேன். எங்கள் தெரு கிழக்கே போகப் போகச் சரிகிறது. நடக்கும்போது தெரியாத சரிவு. முனைக்கு நாலு வீடு முன்னால் பிரேக்கை அழுத்தினேன். கால் தரை வரைக்கும் போயிற்று. அடியில் ஒன்றுமே இல்லை. மாடிப்படி இறங்குகையில் இன்னும் ஒரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைப்போமே, அப்படி. இரண்டு தரம், மூன்று தரம் மிதித்தேன். வண்டி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. முனையில் இஸ்திரி வண்டிக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு துணி தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இப்பால், வீடு கட்டுகிறவர்கள் எம்-சாண்ட் கொட்டியிருந்தார்கள். ஸ்டியரிங்கை அதன் மேல் ஒடித்தேன்.

மணலில் மோதி நிற்பது மெத்தையில் விழுவது போலத்தான். பெரியவர்களுக்கு. அந்த வண்டி பிறந்த காலத்தில் சீட் பெல்ட் கிடையாது. மகளின் வாய் டாஷ்போர்டில் இடித்து, உதட்டில் பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. அவள் அழவில்லை. "அப்பா, அந்தத் தாத்தா மேல இடிக்கலையே?" என்றுதான் கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. வண்டிக்கு இன்ஷூரன்ஸ்கூட அன்று இல்லை.

இஸ்திரிக்காரரும் பக்கத்து வீட்டுப் பையன்களும் தள்ளி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சாயங்காலம் என் மனைவி, "உதட்டுல என்ன கண்ணு?" என்று கேட்டாள். மகள் என்னைப் பார்த்தாள். "படியில வழுக்கிட்டேம்மா" என்றாள். நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து படித்தேன்.

திங்கட்கிழமை மெக்கானிக் வந்தார். முன் பம்பரின் இடுக்கில் இருந்த மணலைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கையால் தட்டிவிட்டார். வண்டியைக் கட்டிக்கொண்டிருக்கையில் மட்டும், என் முகத்தைப் பார்க்காமல், "ஓடறதுக்குச் செலவு பண்ணச் சொன்னா எல்லாரும் பண்ணுவாங்க. நிக்கறதுக்குன்னா யோசிப்பாங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் நான் யோசிக்கவில்லை. மாஸ்டர் சிலிண்டரின் உட்சுவர் அம்மைத் தழும்பு போலக் குழிந்திருந்தது. புதிதாகக் கிடைக்குமா என்று நான் தேட ஆரம்பிப்பதற்குள் அவர் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, துளையைப் பெரிதாக்கி, உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை இறக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். கோயம்புத்தூரில் இது ஒரு சௌகரியம். கடையில் கிடைக்காததை லேத்தில் பிறப்பித்துவிடுவார்கள். சக்கரத்துச் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள், இரும்புக் குழாய்கள், லைனிங் எல்லாம் புதிது. டயருக்கு நான் பயந்தது வீண். பழைய ஜீப்புக்குப் போடும் 6.00-16 டயர் இதற்கும் சேருகிறது. போன அரை மணியில் வாங்கிக்கொண்டு வந்தார்.

பெட்ரோல் டாங்கி இந்த வண்டியில் சீட்டுக்குப் பின்னால், நம் முதுகுக்கு அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரைக்கும் எத்தனால். அது பழைய ரப்பரை அரித்துவிடும். ஈரத்தையும் இழுத்து டாங்கியில் துருவை உண்டாக்கும். ஆகவே டாங்கியை இறக்கிக் கழுவி, குழாய்களையும் பம்ப்பின் டயாஃபரத்தையும் எத்தனால் தாங்குகிற சரக்காக மாற்றினார். 6 வோல்ட் பாட்டரி சொல்லி வைத்துத்தான் வந்தது. முந்தின சொந்தக்காரர் யாரோ மெல்லிய ஒயர் போட்டுவிட்டிருந்தார். வோல்ட் பாதியானால் கரண்ட் இரட்டிப்பாகப் பாய வேண்டும். அதற்குச் சுண்டு விரல் பருமனாவது கேபிள் வேண்டுமாம். அதை மாற்றியதும், மண்ணெண்ணெய் விளக்காக இருந்த முன் விளக்குகளுக்கு உயிர் வந்தது.

எஞ்சினைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்பட்டிருந்தேன். அதற்குத்தான் குறைந்த வேலை. ஒரு நாள் பட்டறையில் அதை ஓட்டவிட்டு மீட்டரைப் பார்த்தவன் அலறிவிட்டேன். ஆயில் அழுத்தம் வெறும் 14 பவுண்டு! மெக்கானிக் சிரித்தார். இந்த ஆறு சிலிண்டர் எஞ்சினில் கனெக்டிங் ராடுகளுக்கு ஆயிலை அழுத்தித் தள்ளுவதை மட்டும் நம்பவில்லை. ராடின் அடியில் உள்ள சிறு அகப்பை ஒவ்வொரு சுற்றிலும் ஆயிலை மொண்டுகொள்கிறது. ஆகவே 14 பவுண்டு அதற்கு ஆரோக்கியம். ஆனால் உள்ளே இருப்பது வெள்ளை உலோகப் பேரிங், விரட்டினால் உருகிவிடும். "60-ஐத் தாண்டாதீங்க. தாண்டணும்னு தோணுச்சுன்னா பஸ்ல போயிருங்க."

காகிதச் சமாசாரத்தை நீட்ட விரும்பவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பழம்பெரும் வண்டிகளைக் கௌரவிக்க மத்திய சர்க்கார் 2021-ல் விதிகள் கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டிக்கு "வி.ஏ." என்ற எழுத்தோடு தனி நம்பர், கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் எடுத்துப் போகலாம், தினசரி உபயோகம் கூடாது. எனக்கும் கௌரவம் கிடைக்கும் என்று போனேன். விசாரித்தால், அது சொந்த உபயோகக் காருக்கும் இரண்டு சக்கர வண்டிக்கும்தானாம். என் வண்டி சரக்கு வண்டி. ஜமீன்தாரைச் சுமந்த கார் பாட்டனார் ஆகிவிட்டது. தேங்காய் சுமந்த பிக்கப் எழுபது வயதிலும் கூலியாள்தான். மற்ற லாரிகளோடு வரிசையில் நின்று வருஷா வருஷம் எப்.சி. வாங்க வேண்டும். நின்றோம். சிக்னல் விளக்கு இல்லை என்று முதல் நாள் திருப்பி அனுப்பினார்கள். நாலு மூலையிலும் மாட்டிக்கொண்டு மறுபடி போனோம். பிரேக் சோதிக்கும் உருளைகள் மேல் வண்டி ஏறியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். தேறிவிட்டது.

இதற்கெல்லாம் ஏழு மாதம் ஆயிற்று. நாவலின் இரண்டாம் பதிப்பில், "சாவியைத் திருகி ஸ்டார்ட்டரை மிதித்தார்" என்று திருத்தினேன். கார்டு எழுதிய பெரியவருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "மெத்த சந்தோஷம். விடியற்காலை என்று எழுதியிருக்கிறீர்கள். குளிரில் சோக்கை இழுக்காமல் கிளம்பியிருக்காதே?"

எப்.சி. வாங்கிய வாரக் கடைசியில் என் மனைவியும் மகளும் வண்டியில் ஏறினார்கள். சீட் பெல்ட்டுகளை மெக்கானிக் தாமாகவே பொருத்தியிருந்தார், நான் கேட்கவில்லை. மருதமலை வரைக்கும் போய்வருவது என்று ஏற்பாடு. மகள் நடுவில் உட்கார்ந்து பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள். சோக்கை இழுத்தேன். மிதித்தேன். தெருவில் கிழக்கே இறங்கினோம். முனைக்கு நாலு வீடு முன்னால் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தினேன். வண்டி பணிவாக நின்றது. அந்தப் புது வீட்டில் இப்போது குடி வந்துவிட்டார்கள். வாசலில் கோலம் போட்டிருந்தது. இஸ்திரிக்காரர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

என் மனைவி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே, "ஏனுங்க, அந்த மணல் இங்கேதானே கொட்டியிருந்துச்சு?" என்று கேட்டாள்.

மகள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா" என்றேன்.

"அன்னிக்கே இஸ்திரிக்காரர் சொல்லிட்டாரு" என்றாள். "நீங்க சொல்வீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன். சரி, போங்க. பின்னால பஸ் வருது."