பட்டை வந்த மலை

ஆம்பூரில் டேனரி என்று சொன்னாலே பேச்சு, தோல் கழிவு கலந்த பாலாற்றுக்குப் போய்விடும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்காகச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அது ஆற்றோடு உள்ள கணக்கு. மலையோடும் நமக்கு ஒரு கணக்கு உண்டு. கோடை விடுமுறையில் கொடைக்கானல் ஏறி, வாட்டில் என்ற மரத்தின் கன்றுகளைப் பிடுங்கும் பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

குரோம் உப்பு வருவதற்கு முன் இங்கே தோல் பதனிடப்பட்டது மரப்பட்டையில்தான். காட்டோரத்து ஆவாரஞ்செடியில் விரல் தடிமன் கிளைகளை வெட்டி, பட்டையை நீளவாக்கில் உரித்து, வெயிலில் காயப்போட்டுக் கட்டுக் கட்டாக விற்பார்கள். சுண்ணாம்புக் குழியில் மயிர் நீங்கிய தோல், பட்டைச் சாறு நிறைந்த தொட்டியில் இறங்கும். மெல்லிய சாற்றில் தொடங்கி நாளாக ஆக வலுத்த சாற்றுக்கு மாற்றுவார்கள். அவசரப்பட்டால் மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே பச்சையாக நின்றுவிடும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். வாரக்கணக்கில் ஊறி வெளியே வரும் தோலுக்குத் தேன் நிறம். தொட்டியருகே நின்றால் நாக்கின் அடியில் துவர்க்கும். அந்தத் துவர்ப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆவாரை போதவில்லை. தோலைப் பதனிடும் டானின் கூடுதலாக உள்ள வாட்டில் பட்டை தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. வெளிநாட்டை நம்புவானேன் என்று, வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த அந்த மரத்தையே வனத்துறை நீலகிரியிலும் பழனி மலையிலும் பரவலாக நட்டது. நீலகிரிக்காரர்கள் அதைச் சீகை மரம் என்பார்கள். வெறும் புல்தானே என்று நினைத்த இடங்களில் நட்டார்கள். 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியதும் டேனரிகள் வேகமாகக் குரோமுக்கு மாறின. பட்டைக்குத் தேவை குறைந்தது. மரம் நிற்கவில்லை, பரவியது. பழனி மலையின் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கண்டார்கள். வரையாடு மேயும் புல் அது. மழையை வாங்கி ஓடைக்கு மெதுவாக விடும் புல்லும் அதுதான்.

கொடைக்கானலுக்கு அருகே வட்டக்கானலில் பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்ற ஆங்கிலத் தம்பதி நாற்றுப்பண்ணை வைத்துச் சோலைக்காட்டு மரங்களையும் புல்வெளிச் செடிகளையும் வளர்த்தார்கள். தாங்கள் பிறக்காத மலைக்கு ஆயுளின் பெரும்பகுதியைக் கொடுத்தவர்கள். அங்கே கற்ற பாடம் எளிதல்ல. வாட்டில் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாக முளைக்கின்றன. அங்கே கண்மூடித்தனமாக வெட்டக் கூடாது. புல்வெளியிலோ வெட்டியாக வேண்டும். வெட்டினால் வெயில் பட்டு, கெட்டியான தோல் மூடி ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்த விதைகள் கூட்டமாக முளைக்கும். வேர் ஆழமாக இறங்குமுன், மண் ஈரமாக இருக்கும்போது, தண்டை அடியில் பிடித்து வேரோடு இழுக்க வேண்டும். பாதியில் ஒடிந்தால் வேலை வீண். பிறகு தாய்க்குத்திலிருந்து பிரித்து வளர்த்த புல்லை மழையோடு நட வேண்டும்.

மரம் நடுவதே புண்ணியம் என்று பள்ளிச் சுவரில் படித்து வளர்ந்த பிள்ளைக்கு, மரக்கன்றைப் பிடுங்கிப் புல்லை நடு என்று சொல்வது எவ்வளவு பெரிய படிப்பு! 2022-இல் தமிழக அரசு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. மரத்தை எந்திரம் வெட்டும். விரல் நீளக் கன்றைப் புல்லுக்கு நடுவே தேடிப் பிடுங்க கண்ணும் கையும்தான் வேண்டும். அதற்கு இளவயசு முதுகு வேண்டும்.

இந்தத் தொழிலால் வீடு கட்டிய, பிள்ளைகளைப் படிக்கவைத்த ஊர்கள் நம்முடையவை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைக் கல்லூரிகளும் ஷூ கம்பெனிகளும் வருடத்துக்கு ஒரு பஸ் பிள்ளைகளை அந்த மலைக்கு அனுப்ப வேண்டும். போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதற்கு அல்ல. ஒரே சரிவை எடுத்துக்கொண்டு, விதை மண்ணில் எத்தனை வருடம் காத்திருக்கிறதோ அத்தனை வருடமும் போய்வர வேண்டும்.