அவரைக்கொட்டையும் 54 அட்டைகளும்

புது ஊருக்குக் குடிபோனால் வீடு கிடைத்துவிடும், மளிகைக்கடையும் கிடைத்துவிடும். குழந்தைக்கு ஒரு தோழி கிடைப்பதுதான் கஷ்டம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பாயில் ஹைட்ஸ் பகுதியில் நாங்கள் குடியேறியபோது எனக்கு அதுதான் கவலை. அங்கே பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினர். கடைப் பலகையிலிருந்து தெருச் சண்டை வரை எல்லாம் ஸ்பானிஷ்! என் ஏழு வயது மகள் தமிழும் இங்கிலீஷும் பேசுவாள். விளையாட்டு ஸ்பானிஷில் நடந்தால் ஓரமாய் நின்றுவிடுவாள்.

பள்ளி விட்டதும் அவளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது. அவர் பாடப் புத்தகத்தைத் தொடவே இல்லை. 'லோத்தேரியா' அட்டைகளை எடுத்துப் பரப்பினார்.

இது நம் தம்போலா மாதிரிதான். எண்களுக்குப் பதில் படங்கள். மொத்தம் 54 அட்டைகள். ஒவ்வொருவருக்கும் 16 படங்கள் கொண்ட ஒரு பலகை. ஒருவர் அட்டையை எடுத்துப் பெயரைக் கூவ, அந்தப் படம் உள்ளவர் அதன்மேல் ஓர் அவரைக்கொட்டையை வைக்க வேண்டும். வரிசை நிறைந்தால் "லோத்தேரியா!" என்று கத்தலாம். இத்தாலியில் பிறந்து, ஸ்பெயின் வழியாக 18-ம் நூற்றாண்டில் மெக்சிகோ வந்த விளையாட்டு இது. எல்லோருக்கும் பழகிய படங்களை 1887-ல் க்ளெமெந்தே ழாக் என்ற பிரெஞ்சு வியாபாரி வெளியிட்டார்.

இலக்கணம் தானாக வந்தது. ஸ்பானிஷில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. சூரியன் 'எல் சோல்', நிலா 'லா லூனா'. "ஏம்மா, குடை ஆம்பளையா?" என்று என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். 'நோபால்' என்றால் சப்பாத்திக்கள்ளி. பாட்டி அதை முள் நீக்கி வதக்கிக் கொடுத்தார். பிறகு அந்தச் சொல் மறக்குமா?

ஒருநாள் எலும்புக்கூடு படம் வந்தது. 'லா முயெர்த்தே', அதாவது மரணம். மகள் பலகையைத் தள்ளிவிட்டாள். சில மாதம் முன்புதான் மதுரையில் என் அப்பா காலமாகியிருந்தார். அவரைப்பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பாட்டி அதட்டவில்லை. தம் கணவர் போட்டோவைக் காட்டி, நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள், அவர்களுக்குப் பிடித்ததைப் படைப்போம் என்று பேச்சும் சைகையுமாகச் சொன்னார்.

"மி அபுயெலோ தம்பியென்?" என்றாள் மகள். என் தாத்தாவுமா?

அந்த நவம்பரில் பாட்டி வீட்டுப் படையலில் என் அப்பாவின் படமும் இருந்தது, சுற்றிலும் துலுக்கச் சாமந்தியோடு. நாம் மாலை தொடுக்கும் அந்தப் பூவுக்குப் பிறந்த வீடே மெக்சிகோதான்!

பழைய படங்கள் போதாது என்றால் நகரத்து இளைஞர்களுக்கும் ஒன்று உண்டு. 2017-ல் மைக் அல்ஃபாரோ என்பவர் உருவாக்கிய 'மில்லெனியல் லோத்தேரியா'வில் பழைய சீமாட்டி பெண்ணுரிமைக்காரியாகிவிட்டாள்!

பிற பாஷை பேசும் ஊரில் பிள்ளை வளர்க்கும் சகோதரிகளே, ஒரு பிடி கொட்டையும் சில படங்களும் போதும். நீங்களே வரைந்தாலும் சரி. தப்பாகச் சொன்னால் கண்டிக்காதீர்கள், சரியான சொல்லை நீங்கள் ஒருமுறை சொன்னாலே பிடித்துக்கொள்ளும். நாலு ஆட்டம் ஆனதும் கூவும் வேலையைக் குழந்தையிடமே கொடுத்துவிடுங்கள். அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவரையும் ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள். சொற்களோடு அவர்கள் வீட்டுக் கதையும் வந்துவிடும்.