பலாலித் தராசு

பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பறந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்துக்காக யாழ்ப்பாணத்தார் ஒரு பகலை முழுதாகக் கொடுத்தார்கள். விமானம் என்றால் வசதி படைத்தவர்களின் வாகனம் என்று வெளியூரிலிருந்து வருகிறவர் நினைத்திருப்பார். வரிசையைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விடும். கண் ஒப்பரேசனுக்குப் போகும் கிழவர், விசா நேர்முகத்துக்குப் போகும் பெண், காப்பை அடகு வைத்து ரிக்கற் எடுத்த தகப்பன். போரில் அகப்பட்ட யாழ்ப்பாணத்துக்கு அது சிறகு வைத்த பஸ்.

ஒரு காலத்தில் யாழ்தேவி இருந்தது. 1956இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் 1990 ஜூனில் வடக்கே வருவதை நிறுத்திக்கொண்டது. 1995 இறுதியில் இராணுவம் யாழ்ப்பாண நகரைப் பிடித்தது. ஆனால் தரைவழி கடந்துபோகும் வன்னி விடுதலைப் புலிகளிடம் இருந்ததால், குடாநாடு தீவுபோல ஆயிற்று. மிஞ்சியவை கப்பலும் விமானமும்தான். பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் போட்டது. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் கிளம்பி இங்கே தரித்து, சென்னைக்குப் போனது. அரை நூற்றாண்டு கழித்து அதே வானத்தில் சின்னத் தனியார் கம்பனிகள் ஓடின. லயன் எயார் அவற்றில் ஒன்று. சொந்தமாக வாங்குவதற்குப் பதில், சோவியத் காலத்து அன்ரனோவ் 24 விமானங்களை விமானிகளோடு சேர்த்து வாடகைக்கு எடுத்துப் பறக்கவிட்டது. கரடுமுரடான ஓடுபாதைக்கென்றே செய்த விமானம் அது. இறக்கை கூரையோடு ஒட்டி மேலே இருக்கும், கீழே பார்க்க அது மறைக்காது.

விமான நிலையம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. சொந்த வண்டியில் போக முடியாமல் இருந்தது. அனுமதி, சோதனை, காத்திருப்பு, மறுபடி சோதனை, அதன்பிறகே பஸ். அந்த பஸ் போன வழியில் 1990இல் சனம் எழும்பிப்போன வலிகாமம் வடக்கு ஊர்கள் கிடந்தன. கூரையில்லாத வீடுகளுக்குள் மரம் முளைத்திருந்தது. அகதி முகாமிலிருந்து வந்த வசாவிளான்காரருக்குத் தன் ஊரை எட்டிப்பார்க்கக் கிடைத்த சந்தர்ப்பம், கொழும்புக்குப் போகும் இந்த ஓட்டம்தான். ரிக்கற் விலையில் இது சேராது.

ஆனாலும் பயணத்தின் உண்மையான எல்லைக்கோடு நகரத்து விமானக் கம்பனி அலுவலகத்தில் இருந்த தராசு. 2007இல் ஒரு காலை, எழுபது வயதிருக்கும் ஒரு அம்மாவின் பை அங்கே அளவைத் தாண்டிவிட்டது. உள்ளே புழுக்கொடியல், பனாட்டு, பெரிய பொதியாக மிளகாய்த்தூள். கொழும்பில் மிளகாய்த்தூளுக்கா பஞ்சம் என்று ஒரு சென்னைக்காரர் கேட்கக்கூடும். கேட்டால் அவருக்கு யாழ்ப்பாணச் சமையல் தெரியாது என்று பொருள். இந்தத் தூள் மல்லி, பெருஞ்சீரகம், மிளகு எல்லாம் சேர்த்து வறுத்து இடித்தது. வீட்டுக்கு வீடு மணம் மாறும்.

“அம்மா, கூடிப்போச்சு. எதையாவது எடுங்கோ.”

“பிள்ளைக்குத் தம்பி. கொழும்புத் தூள் அவளுக்கு வாயில வைக்கேலாது.”

“அது எனக்கு விளங்குது. தராசுக்கு விளங்காதே.”

குரல்கள் ஏறின. பின்னால் நின்றவர்களில் சிலருடைய பைகள் இலேசாகத்தான் இருந்தன. ஒருவரும் கை நீட்டவில்லை. அடுத்தவர் பொதியைச் சுமக்கக் கூடாது என்பது போர் கற்றுக்கொடுத்த முதல் பாடம். அதைக் கல்நெஞ்சம் என்று சொல்வது அநியாயம். கடைசியில் அம்மா பொறுமை இழந்தார்.

“இந்தத் தூளாலயோ உங்கட பிளேன் விழப்போகுது?”

எந்த ஊரிலும் சிரிப்பெழும் கேள்விதான். இங்கே வரிசை அப்படியே அடங்கிப்போயிற்று.

1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் எயார் அன்ரனோவ் சில நிமிடங்களில் தொடர்பை இழந்து கடலில் விழுந்தது. 55 பேர் போனார்கள். பயணிகளில் பெரும்பாலோர் தமிழர்கள். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகள் குடாநாட்டுக்குப் புதிதல்ல. 1995 ஏப்ரலில் அடுத்தடுத்த இரு நாள்களில் விமானப்படையின் இரண்டு அவ்ரோ விமானங்கள் பலாலியருகே அப்படித்தான் வீழ்ந்தன. லயன் எயார் விமானத்தைப் புலிகள் சுட்டதாகவே கருதப்பட்டது, அவர்கள் பொறுப்பேற்கவில்லை. அதோடு பயணிகள் சேவை நின்றது. 2002 போர்நிறுத்தத்தில் வன்னி வழியான ஏ-9 வீதி திறந்தது, தனியார் விமானங்களும் திரும்பின. 2006 ஆகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டதும், பயந்தவர்களும் விமானத்தையே நம்பவேண்டியதாயிற்று. அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்றவர்கள் அவர்கள்தான்.

அம்மா தான் சொன்னதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். தூளில் கை வைக்கவில்லை. பைக்குள்ளிருந்து இரண்டு சேலைகளை எடுத்து, வாசலில் சைக்கிளோடு நின்ற மகனிடம் கொடுத்தனுப்பினார். தராசு ஒத்துக்கொண்டது.

போர் முடிந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2012இல், கைதான முன்னாள் புலி ஒருவர் சொன்ன தகவலைக் கொண்டு கடற்படைச் சுழியோடிகள் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் விமானத்தின் பாகங்களைக் கண்டெடுத்தனர். அவற்றோடு துணிகளும் மேலே வந்தன. 2014இல் அவை யாழ்ப்பாணத்தில் உறவினர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. பதினான்கு ஆண்டுக்கு மேல் உப்புநீரில் கிடந்த சேலைகளையும் சட்டைகளையும் கரை, பொத்தான், தையல் என்று பார்த்து, இது எங்கட வீட்டு ஆளுடையதுதானா என்று சொல்லச் சொன்னார்கள்.